ஹிஸ்டரி: நாள்வழி என்போம்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் மாலை நேரத்தில் சில பிள்ளைகளுக்கு லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைச் சொல்லித் தருகிறேன். கேரளப் பள்ளிகளில் கணினிப் பாடமே லினக்ஸில்தான் என்பதால் இங்குள்ள தமிழ்வழிப் பிள்ளைகளுக்கும் அது கைப்பழக்கம். போன வாரம் தமிழில் பெயர்த்த ஒரு பயிற்சித்தாள் கைக்கு வந்தது. ‘முனையத்தின் வரலாற்றை நினைவுகூர்ந்து மூன்று வரிகள் எழுதுக’ என்று ஒரு கேள்வி. முனையம் என்பது கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் திரை. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி 1991, லினஸ் டோர்வால்ட்ஸ், பின்லாந்து என்று லினக்ஸ் பிறந்த கதையை அழகாக எழுதி வைத்திருந்தாள். கேட்டதோ, அவள் கடைசியாக அடித்த மூன்று கட்டளைகளை. பிள்ளைமேல் தப்பே இல்லை. வரலாறு என்றால் தமிழில் அதுதான் பொருள்.

வரலாறு என்று பெயர்த்திருந்த ஹிஸ்டரி கிரேக்கச் சொல். விசாரித்து அறிவது என்பது மூலப்பொருள். அடித்த கட்டளையை வாங்கி ஓட்டும் நிரலான ஷெல்லுக்குள் அது 1970களின் இறுதியில், பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லோடு பரவியது. 1989இல் பிரயன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் என்ற ஷெல்லும் அதை எடுத்துக்கொண்டது. அடித்த கட்டளைகளை எண் போட்டு வரிசையாக வைத்திருக்கும். வேண்டியதை மறுபடி எடுத்து ஓட்டலாம். அவ்வளவுதான்.

வரலாறு என்பதை வரல், ஆறு என்று பிரித்து, ‘வந்த வழிதானே, பொருந்துகிறதே’ என்று வாதிடுகிறார்கள். சொல்லைப் பிரித்தால் பொருந்தும், பேசினால் பொருந்தாது. வரலாறு ஒருவர் அலசிச் சொல்வது. ஷெல்லில் யாரும் எதையும் அலசவில்லை. அடித்தது அடித்தபடி, பிழையோடு சேர்ந்து ஏறுகிறது. அதைவிடப் பெரிய குறை, வரலாற்றை எடுத்து மறுபடி பயன்படுத்த முடியாது, படிக்கத்தான் முடியும். இங்கேயோ மறுபடி எடுப்பதுதான் வேலையே. ‘நினைவுகூர்தல்’ இன்னும் மோசம். மறைந்தவர்களை நினைவுகூர்வோம். மேல் அம்புக்குறியைத் தட்டிப் பழைய வரியைக் கொண்டுவருவதற்கு அந்தச் சொல் எதற்கு? ‘எடு’ போதும்.

என் மாமா இங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். அன்றன்றைய வியாபாரத்தை எழுதும் நோட்டுக்கு நாள்வழி என்று பெயர். மாசம் பிறந்தால் யாராவது வந்து, “போன மாசம் போட்டதே போடுங்க, பச்சரிசி மட்டும் ரெண்டு கிலோ கொறைச்சுக்கோங்க” என்பார்கள். மாமா பின்னால் புரட்டி, அந்த வரியைக் கண்டுபிடித்து, அரிசியை மட்டும் மாற்றி மறுபடி எழுதுவார். கன்ட்ரோல்-ஆர் அழுத்திப் பழைய கட்டளையைத் தேடி, ஒரு கோப்பின் பெயரை மட்டும் மாற்றி ஓட்டுகிறோமே, அதுவும் இதுவும் ஒரே வேலை. அனுமதி இல்லை என்று கட்டளை திரும்பி வந்தால், நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டச் சொல்லும் ‘சூடோ’ போட்டுப் பக்கத்தில் இரண்டு ஆச்சரியக்குறி இடுகிறோம். ‘முன்னே போட்டதே போடு’ என்பதுதான் அதற்குப் பொருள்.

மலையாள விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தின் திருத்தங்களைக் காட்டும் தத்தலுக்கு (டேப்) நாள்வழி என்றே பெயர். தமிழ் விக்கிப்பீடியாவில் அதே இடத்தில் வரலாறு. ‘நாள்வழி மலையாளமாயிற்றே’ என்று சிலர் தயங்குகிறார்கள். இதில் எனக்குக் கோபமே வருகிறது. நாளும் தமிழ், வழியும் தமிழ். கணக்குப்பிள்ளைகள் பேரேட்டோடு சேர்த்துப் புழங்கிய சொல் இது. எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் உயிரோடு இருப்பதால் அது நம்முடையது இல்லை என்றாகிவிடுமா? பெயர்ப்பாளர்கள் அகராதியில் முதல் பொருளை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அந்த வாக்கியத்தை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதில்லை.

பதிவேடு என்றும் ஒரு யோசனை உண்டு. அது, நடப்பதைக் கணினி தானே குறித்துவைக்கும் லாகுக்கு வேண்டும். இரண்டையும் குழப்பக் கூடாது.

இந்த வாரம் பிள்ளைகளிடம் நாள்வழி என்றே சொன்னேன். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் கட்டளைக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டால் பாஷ் அதைச் சேர்த்துக்கொள்ளாது என்று காட்டியபோது, அதே பெண் கேட்டாள்: “அப்போ இது நாள்வழியில ஏறாதா சார்?”