மஞ்சள் அட்டைக்கு ஏன் பத்து நாள்?

"வியாழக்கிழமை நைரோபிக்குக் கிளம்புகிறேன். செவ்வாய்க்கிழமை மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டால் போதாதா?" என்று கேட்கிறார் அடையாறு வாசகர் ஒருவர். போதாது. ஊசி போட்டதற்குச் சான்றாகத் தருகிற மஞ்சள் அட்டை, ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். நீங்கள் ஊர் திரும்பும்போது அட்டை செல்லுபடியாகியிருக்கலாம். ஆனால் முதல் வாரத்திலேயே கடித்து நோயைப் பரப்புகிற கொசு அதுவரை காத்திருக்காது.

குப்பியில் இருப்பது செத்த கிருமி அல்ல, சாதுவாக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். பெயர் 17டி. 1927இல் இன்றைய கானாவில் அசிபி என்பவரின் ரத்தத்தில் கிடைத்த கொடிய வைரஸ்தான் இதன் மூதாதை. நியூயார்க்கில் விஞ்ஞானி மாக்ஸ் தைலர் குழுவினர் கோழிக்கருவை நறுக்கி, மூளையையும் தண்டுவடத்தையும் நீக்கிவிட்டு, மிச்சத் திசுவில் அதை வளர்த்தார்கள். ஒரு குடுவையில் வளர்ந்ததில் கொஞ்சம் எடுத்து அடுத்ததில், அதிலிருந்து இன்னொன்றில் என்று நூறு தடவைக்கு மேல். கோழித் திசுவுக்குப் பழகப் பழக, மனிதக் கல்லீரலைச் சிதைக்கும் குணம் மங்கிப்போனது. கொசுவுக்குள் பெருகும் திறனும் போயிற்று. அதனால் ஊசி போட்டவரைக் கடித்த கொசு இதைப் பரப்பாது. 1951இல் தைலருக்கு நோபல் கிடைத்தது.

உடம்புக்குள் இந்த வைரஸ் சில நாள் மெல்லப் பெருகும். சிலருக்கு லேசான காய்ச்சல், உடம்புவலி வரும். இந்த வைரஸைப் பார்த்துத்தான் எதிர்ப்பொருள் உருவாகிறது. பத்து நாளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குப் பாதுகாப்பு வந்துவிடும். முப்பது நாளில் 99 சதவீதத்தைத் தாண்டும்.

அளவு 0.5 மி.லி., தோலுக்கு அடியில். குப்பியில் தூளாக இருக்கும் மருந்தில் கரைப்பான் திரவத்தைக் கலந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சம் குப்பைக்குத்தான். ஒரு குப்பியில் பல பேருக்கு மருந்து இருக்கும் என்பதால், ஆள் சேர்த்து, நாள் குறித்துப் போடுகிறார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், ராஜாஜி சாலை துறைமுக சுகாதார அலுவலகம் போன்ற அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே போட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்க, அட்டையில் இனிஷியல் மட்டும் விழுந்தால் தகராறுதான், அங்கேயே சரிபாருங்கள். ஊசி போடாமலே அட்டை வாங்கித் தருகிறேன் என்கிற ஏஜென்ட்டை நம்புவது முட்டாள்தனம்.

முட்டை அலர்ஜி, கர்ப்பம், ஸ்டீராய்டு சிகிச்சை, அறுபது தாண்டிய வயது என்றால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் போடுவதில்லை. பழைய அட்டையில் பத்து வருடம் என்றிருந்தாலும் கவலை வேண்டாம். 2016 முதல் அது ஆயுளுக்கும் செல்லும். மலேரியாவுக்கு இந்த ஊசி உதவாது, மாத்திரை தனி.

நோயுள்ள நாட்டிலிருந்து அட்டை இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். நோய் வெளியே தெரிய மூன்று முதல் ஆறு நாள் ஆகும் என்பதால் வந்த கணக்கு அது. இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டு டிரம்மிலேயே, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரோடு ஒட்டி முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது.