லிஃப்ட் போட்ட எஸ்.யூ.வி.க்கு டயர் வாங்கும் முன்

"அண்ணே, ரெண்டு இன்ச் லிஃப்ட் போட்டாச்சு, இனி எந்த சைஸ் டயரும் உள்ளே போயிடும்ல?" சஸ்பென்ஷன், அலைன்மென்ட் வேலை பார்க்கும் எனக்கு வாரத்துக்கு ஒரு முறையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். (லிஃப்ட் என்றால் வண்டியைக் கம்பெனி உயரத்தை விட உயர்த்தி நிற்க வைப்பது.) கேட்பவர் பெரும்பாலும் பின் சீட்டை மடக்கி, புது டயரை அடுக்கிக்கொண்டு வந்துதான் கேட்பார். வாங்கும் முன் கேட்டிருந்தால் பாதி வேலை மிச்சம்.

அப்படி டயர் மாற்றிச் சில மாதம் ஓடிய ஒரு வண்டி. "பள்ளத்துல இறங்குனா சர்ருனு ஒரு சத்தம்" என்பது மட்டும்தான் ஓட்டியவரின் புகார். முன் வீலைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், மட்கார்டின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை, சுற்றிலும் ரப்பர் தேய்ந்த கருப்பு, அதற்குப் பின்னால் ஒரு வயரின் மேலுறை உரிந்து செம்பு எட்டிப் பார்க்கிறது. அது வீல் ஸ்பீடு சென்ஸாருக்குப் போகும் வயர். இன்னும் நாலு பள்ளம் இறங்கியிருந்தால் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்திருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது? நீளமான ஸ்பிரிங்கோ, ஸ்பேசர் என்ற இடைக்கட்டையோ போட்டால் வண்டி நிற்கும்போது உயரமாக நிற்கும், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை நுழையும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது வீல் எதுவரை மேலே போகும் என்பதை முடிவு செய்வது பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டை. அது பழைய இடத்திலேயே பழைய அளவிலேயே இருந்தால், லிஃப்டுக்கு முன்னால் வீல் எங்கே போய் முட்டியதோ அங்கேதான் இப்போதும் போகும். ஆக, பெரிய டயருக்கான இடம் நிற்கும்போது இருக்கிறது, உண்மையில் தேவைப்படும் நேரத்தில் இல்லை. பம்ப் ஸ்டாப்பை நீட்டலாம், அப்போது வீல் மேலே போகும் தூரம் குறையும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். (ஃபிரேமில் இருந்து பாடியையே தூக்கும் பாடி லிஃப்ட் வேறு கதை, அதில் மட்கார்டும் சேர்ந்து மேலே போகிறது.)

இதை வாங்கும் முன்பே பார்த்துவிடலாம். ஒரு முன் வீலை மட்டும் சரிவான ராம்ப்பில் ஏற்றி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்பச் சொல்லி, பக்கத்தில் குனிந்து பாருங்கள். இன்னும் சரியாகத் தெரிய வேண்டும் என்றால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு பம்ப் ஸ்டாப் தொடும்வரை ஜாக்கியால் தூக்கிப் பார்க்க வேண்டும், ஒரு நாள் வேலை, ஆனால் சந்தேகமே மிஞ்சாது. லைனர், பம்பரின் பின் ஓரம், உள்பக்கம் சஸ்பென்ஷனின் மேல் ஆர்ம், பிரேக் ஹோஸ் என்று உரசக்கூடிய எல்லா இடமும் கண்ணில் படும்.

அப்புறம் லிஃப்ட் செய்யாத ஒரு காரியம் இருக்கிறது. நேர் ஆக்ஸில் (இரண்டு பக்க வீலையும் ஒரே தண்டாக இணைப்பது) வண்டியில் கிரவுன் ஹவுசிங்தான், அதாவது ஆக்ஸிலில் கியர்களை மூடியிருக்கும் உருண்டைப் பகுதிதான், தரையில் முதலில் இடிக்கும் இடம். எவ்வளவு உயரமான ஸ்பிரிங் போட்டாலும் அது ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போகாது. டயர் விட்டத்தால்தான் அது உயரும், அதுவும் விட்டம் கூடியதில் பாதிதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 265/65 ஆர் 17 என்றால் அகலம் 265 மி.மீ., சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 17 இன்ச், மொத்த விட்டம் சுமார் 776 மி.மீ. 265/70 ஆர் 17 என்றால் 803. 285/70 ஆர் 17 என்றால் 831. முதலாவதில் இருந்து கடைசிக்குப் போனால் விட்டம் 55 மி.மீ. கூடும், ஹவுசிங் உயர்வது 27 மி.மீ.தான். மீட்டர் 100 காட்டும்போது வண்டி 107 ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் உள்ளதற்குப் போனால் வித்தியாசம் மூன்றரை சதவீதத்துக்குள், கம்பெனி மீட்டர்கள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும் என்பதால் அது பெரிதாகத் தெரியாது. என்னைக் கேட்டால் முக்கால்வாசிப் பேருக்கு இந்த ஒரு படி ஏற்றமே போதும்.

டயரை விட அதிகம் பேர் தவறு செய்வது ரிம்மில், அதிலும் ஆஃப்செட்டில். ரிம்மின் நடுக்கோட்டில் இருந்து ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். ஏழரை இன்ச் அகலம், பிளஸ் 30 ஆஃப்செட் உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு, படத்தில் பார்த்த 9 இன்ச், பூஜ்யம் ஆஃப்செட் ரிம்மை மாட்டினால் வெளி விளிம்பு 49 மி.மீ. வெளியே வந்துவிடும், உள்பக்கம் 11 மி.மீ. இடம்தான் கூடுதலாகக் கிடைக்கும். வெளியே தள்ளிய டயர் ஸ்டீயரிங் திருப்பும்போது பெரிய வட்டத்தில் சுற்றுவதால், முன்பு உரசாத பம்பர் ஓரத்தில் போய் உரசும். கல்லில் ஏறினால் ஸ்டீயரிங் கையை உதறும், பேரிங்குக்கும் பால் ஜாயின்டுக்கும் கூடுதல் பாரம், சேறு முழுக்கக் கதவில். அகலமாக நிற்கிறது, கம்பீரமாக இருக்கிறது என்று சொல்வார்கள், இருக்கட்டும், பேரிங் மாற்றும் நாளில் அதே கம்பீரம் இருப்பதில்லை. உள்ளே ஆர்மில் முட்டாமல் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் வெளியே தள்ளினால் போதும்.

போல்ட் வட்ட அளவும் (போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம்) நடு ஓட்டை அளவும் ஏறக்குறைய என்ற பேச்சுக்கே இடமில்லாதவை. 5 போல்ட், 114.3 மி.மீ. வட்டம் உள்ள வண்டியில் 115 ரிம்மை இழுத்துப் பிடித்து முடுக்கிவிடுவார்கள், முக்கால் மில்லிமீட்டர்தானே என்று. நட்டு சரியாக உட்காராமல் கோணலாக இறுகும், ஓட ஓடத் தளரும். நட்டின் அடிப்பாகத்தையும் பாருங்கள். பல கம்பெனி அலாய்களுக்குத் தட்டை வாஷர் வைத்த நட்டு வரும், வெளியில் வாங்கும் ரிம்முக்கு அநேகமாகக் கூம்பு நட்டு வேண்டும். பழைய தட்டை நட்டையே கூம்பு ஓட்டையில் போட்டு ஓட்டிய வண்டி ஒன்று வந்தது. ரிம்மின் ஓட்டை விளிம்பில் நகம் அளவுக்குப் பளபளவென்று வளையம், நட்டு ஆடி ஆடித் தேய்த்த தடம். எந்த ரிம் போட்டாலும் டார்க் ரெஞ்சில் முடுக்கி, 80, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். ரிம்மின் பின்பக்கம் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், இல்லாத ரிம்மை நான் வண்டியில் ஏற்றுவதில்லை.

20 இன்ச் ரிம் ஆசைக்கு ஒரு வரி. மொத்த விட்டம் 831 என்றே வைத்துக்கொண்டால் 17 இன்ச் ரிம்மில் டயர் சுவர் 199 மி.மீ., 20 இன்ச்சில் 161. மணலில் காற்றை 16, 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கும்போது தடம் நீளமாகப் படிந்து வண்டியை மிதக்க வைப்பது அந்தச் சுவர்தான். கல்லில் ரிம் விளிம்பைக் காப்பாற்றுவதும் அதுதான். ரொம்பச் சின்ன ரிம்முக்கும் போக முடியாது, பிரேக் காலிப்பர் முட்டும். காற்றை இறக்கினால் தார் ரோடு ஏறும் முன் ஏற்றிவிட வேண்டும், கையில் கம்ப்ரஸர் இல்லாதவர் இறக்கவே வேண்டாம்.

பட்டன், அதாவது டயர் தரையைப் பிடிக்கும் வடிவம், அந்த விஷயத்தில் பத்து நாளில் ஒன்பது நாள் தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஏ.டி. (ஆல் டெரெய்ன், எல்லாத் தரைக்கும்) போதும். எம்.டி. (மட் டெரெய்ன், சேற்றுக்கானது) சேற்றில் நன்றாக உதறி உதறிப் பிடிக்கும், ஆனால் மழை ரோட்டில் பிரேக் அடித்தால் பொதுவாக ஏ.டி.யை விடத் தள்ளிப்போய்த்தான் நிற்கும், 80 கி.மீ. வேகத்தில் உள்ளே பேசுவது கேட்காது. உயரம் ஏறிய வண்டிக்கு ஈர்ப்பு மையமும் ஏறியிருக்கிறது, அதோடு கனமான டயரும் சேர்ந்தால் அவசரத்தில் திருப்புவதும் நிறுத்துவதும் பழைய வண்டி மாதிரி இருக்காது. இழுவை குறைந்தது, கியர் அடிக்கடி இறங்குகிறது என்று வருபவர்களுக்கும் இதே பதில்தான்: பெரிய டயர் என்றால் கியர் விகிதம் நீண்டுவிட்டது என்று பொருள்.

சுவரில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். பாரக் குறியீடு 112 என்றால் டயர் ஒன்றுக்கு 1120 கிலோ, 116 என்றால் 1250. கம்பெனி டயரில் இருந்ததை விடக் குறையக் கூடாது. எல்.டி. (லைட் டிரக்) டயர் போட்டால் சுவர் தடிமன், அதே பாரத்துக்குச் சாதாரண டயரை விடக் கூடுதல் காற்று கேட்கும், கதவு ஸ்டிக்கரில் இருக்கும் அளவு அதற்குப் பொருந்தாது. டயர் கம்பெனியின் பார அட்டவணையில் உங்கள் ஆக்ஸில் எடைக்கு எவ்வளவு என்று பார்த்து அதையே குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே ரோட்டில் போகக் கூடாது. அப்புறம் ஒரு சாக்பீஸ் எடுத்து டயரின் குறுக்கே தடித்த கோடு போட்டு, சமமான ரோட்டில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டி இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. இந்தச் சோதனையை நான் இன்றும் செய்கிறேன். டயர் சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் டாட் குறியின் கடைசி நாலு எண்ணும் முக்கியம்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது.

லிஃப்ட் ஆனதும் அலைன்மென்ட் கட்டாயம். நேர் ஆக்ஸில் வண்டியில் காஸ்டர் (முன் வீல் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது, வண்டி ரோட்டில் அலையும், பலர் அதற்கு டயரைத் திட்டுவார்கள். காஸ்டரை முதலில் பார்க்காமல் நான்கு டயரையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

கடைசியாக ஸ்டெப்னி. நாலு டயர் வாங்கிவிட்டு ஐந்தாவது பழைய சைஸிலேயே கீழே தொங்கும். ஐந்தாவதும் வாங்கினால் சில வண்டிகளில் அது அடியில் உள்ளே போகாது, பின் கதவில் மாட்டினால் கீல் தாங்க வேண்டும். எப்போதும் நாலு வீலும் இழுக்கும் வண்டியில் ஒரு மூலையில் மட்டும் சின்ன டயர் போட்டு ஓட்டினால் நடு டிஃபரன்ஷியல் (முன், பின் ஆக்ஸிலுக்கு இழுவையைப் பிரிக்கும் பாகம்) விடாமல் சுழன்றுகொண்டே இருக்கும், சூடேறும். ஆகவே டயர் சைஸை முடிவு செய்யும் முன் வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்டெப்னி தொங்கும் இடத்தை டேப் வைத்து அளந்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள்.