காற்றை ஒதுக்கும் வால்

வீட்டிலேயே சிறிய காற்றாலை ஒன்றைச் செய்யத் தொடங்கியிருக்கும் வாசகர் ஒருவர், இறகுகளும் மின்னாக்கியும் வேலை செய்யும் விதம் புரிந்துவிட்டது என்றும், ஆள் இல்லாத நள்ளிரவில் புயல் காற்று வீசினால் இயந்திரத்தை யார் கட்டுப்படுத்துவது என்பதுதான் புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். மிகச் சரியான கேள்வி. முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவர்கள் மெல்லிய காற்றிலிருந்து எப்படிக் கூடுதல் மின்சாரம் எடுப்பது என்றுதான் யோசிக்கிறார்கள். மிதமிஞ்சிய காற்றை எப்படி ஒதுக்கிவிடுவது என்பதை அதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அது சுமந்து வரும் திறன் எட்டு மடங்காகிறது. 2 மீட்டர் விட்டமுள்ள சுழலி, அதாவது சுழலும் இறகுத் தொகுதி, சுமார் 3.14 சதுர மீட்டர் பரப்பில் காற்றை மறிக்கிறது. அந்தப் பரப்பின் வழியே, வினாடிக்கு 5 மீட்டர் வேகக் காற்றில் ஏறத்தாழ 240 வாட்டும், 10 மீட்டர் வேகத்தில் 1,900 வாட்டும், 20 மீட்டர் வேகத்தில் 15,000 வாட்டுக்கும் மேலாகவும் திறன் பாய்கிறது. இதில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தச் சுழலியாலும் எடுக்க முடியாது என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920-இல் வெளியிட்டார். கையால் செதுக்கிய மர இறகுகளில் நான்கில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்ல வேலை என்று சொல்லலாம். ஆக, சாதாரண நாளில் 60 வாட் தரும் இயந்திரத்தை நோக்கி, புயல் நாளில், சாதாரண நாளில் வருவதைப்போல் அறுபது மடங்குக்கும் மேலான திறன் வந்து மோதுகிறது.

மின்னாக்கியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு இரும்புத் தட்டுகளில் நியோடிமியக் காந்தங்களை ஒட்டி, அவற்றுக்கு இடையில் ரெசின் என்னும் இறுகிக் கெட்டியாகும் பிசினில் பதித்த செம்புக் கம்பிச் சுருள்களை அசையாமல் நிறுத்தினால், தட்டுகள் சுழலும்போது மும்முனை மாறுதிசை மின்னோட்டம் உண்டாகிறது. டையோடுகள் அதை நேர்த்திசையாக்கி பேட்டரிக்கு அனுப்புகின்றன. மின்னோட்டம் இரு மடங்கானால் சுருளில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். ரெசின் இளகலாம், சாதாரண வகை நியோடிமியக் காந்தங்கள் 80 பாகை செல்சியசைத் தாண்டினால் தம் காந்த வலுவை நிலையாகவே இழக்கத் தொடங்கலாம். இறகுகளின் நிலையும் கவலைக்குரியதுதான். காற்றைப்போல் ஆறு மடங்கு வேகத்தில் இறகு நுனி செல்லுமாறு செதுக்கியிருந்தால், வினாடிக்கு 10 மீட்டர் காற்றிலேயே அந்த நுனி மணிக்கு 216 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கும்.

இத்தனையையும் அடக்குவது பின்னால் நீண்டிருக்கும் வால்தான். சுழலியைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்துவது மட்டுமே வாலின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி வேலை. மறுபாதியைப் பார்க்க, இயந்திரத்தை மேலிருந்து நோக்க வேண்டும்: சுழலியின் மையம், கம்பத்தின் மையத்துக்கு நேராக இல்லாமல் சுமார் 10 சென்டிமீட்டர் பக்கவாட்டில் தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். வினாடிக்கு 10 மீட்டர் காற்று 2 மீட்டர் சுழலியை ஏறத்தாழ 15 கிலோ எடைக்கு நிகரான விசையோடு பின்னோக்கித் தள்ளுகிறது. தள்ளும் இடம் கம்பத்துக்குப் பக்கவாட்டில் இருப்பதால், இயந்திரத்தின் தலை முழுவதும் காற்றிலிருந்து விலகித் திரும்பப் பார்க்கிறது. வால் காற்றோடு நீண்டு நின்று, திரும்ப விடாமல் பிடித்துக்கொள்கிறது.

அந்தப் பிடிக்கு ஓர் எல்லை வைத்திருப்பதில்தான் இந்த அமைப்பின் அழகு இருக்கிறது. வால் தலையோடு இறுக வெல்டிங் செய்யப்படுவதில்லை. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாயைச் செருகிய கீலில் தொங்குகிறது. அந்தக் கீல் செங்குத்தாக இல்லாமல் சுமார் 20 பாகை சாய்ந்திருக்கிறது. சாய்த்து மாட்டிய கேட் திறக்கும்போது சற்று மேலேறி, கையை எடுத்ததும் தானாக வந்து மூடிக்கொள்வதைப்போல, இந்த வாலும் மடங்க வேண்டுமானால் மேலே எழும்பியாக வேண்டும்; அதன் எடை அதைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். காற்று மிதமாக இருக்கும்வரை எடை வெல்கிறது. தள்ளுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது, வாலின் எடையோ வளர்வதில்லை. எனவே வினாடிக்கு 10 முதல் 12 மீட்டர் அளவில் சமநிலை மாறி, வால் காற்றின் திசையிலேயே இருக்க, தலை மட்டும் மெல்லப் பக்கவாட்டில் திரும்புகிறது. தலை திரும்பும் அளவுக்கு வால் உயர்கிறது. சுழலி காற்றுக்குத் தன் முழு வட்டத்தையும் காட்டாமல் ஒடுங்கிய நீள்வட்டத்தைக் காட்டுவதால், அது வாங்கும் திறனும் குறைந்துவிடுகிறது. காற்று தணிந்ததும் வால் தன் எடையாலேயே கீழிறங்க, சுழலி மீண்டும் காற்றை எதிர்கொள்கிறது. மின்னணுச் சுற்றோ, உணரியோ, மோட்டாரோ எதுவும் இல்லாமல், ஒரு சாய்வும் புவியீர்ப்பும் மட்டுமே இவ்வளவையும் செய்துமுடிக்கின்றன. இதைவிட நம்பகமான தானியங்கிக் கட்டுப்பாட்டை நான் கண்டதில்லை.

காற்றே தேவையில்லை, காந்தங்களே ஒன்றையொன்று தள்ளி மின்சாரம் தரும் என்று காட்டும் காணொளிகளை நம்பிப் பணத்தைத் தொலைப்பவர்கள், இந்த வாலை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். இதில் ஒவ்வொரு விசைக்கும் கணக்கு இருக்கிறது. கடலில் நிறுவப்படும் பேருருவக் காற்றாலைகளின் ஆய்வுக்கு நிதி ஒதுக்குவது நியாயமானதே. அதில் ஒரு சிறு துளியையாவது, மாணவர்கள் பட்டறையில் தம் கையாலேயே செய்து சோதிக்கக்கூடிய இத்தகைய சிறு இயந்திரங்களுக்கும் தர வேண்டும்.

வால் இருக்கிறது என்பதற்காக மின்பக்கத்தைக் கவனிக்காமல் விடக்கூடாது. ஓடும் இயந்திரத்திலிருந்து பேட்டரியைப் பிரித்தால், பளு நீங்கிய சுழலி வெறிகொண்டு சுழலும். பேட்டரி நிரம்பிய பிறகு வரும் மின்சாரத்தை வெப்பமாக்கிக் கழிக்க ஒரு மின்தடையை இணைத்திருக்க வேண்டும். மின்னாக்கியிலிருந்து வரும் மூன்று கம்பிகளையும் ஒன்றாகக் குறுக்கிணைத்தால் அது பிரேக் போலச் சுழலியை நிறுத்தும்; ஆனால் புயல் தொடங்கிய பிறகு அந்தப் பிரேக் போதாமல் போகலாம் என்பதால், காற்று தணிவாக இருக்கும்போதே அதைப் போட்டுவிடுவது நல்லது.

கம்பத்தில் ஏற்றுவதற்கு முன் தரையிலேயே தலையை நிமிர்த்திப் பிடித்து, வாலைக் கையால் முழுக்க மடக்கி விட்டுப் பாருங்கள். தயங்காமல் இறங்கித் தன் இடத்தில் வந்து நிற்க வேண்டும். நடுவில் சிக்கினால் கீலைத் தேய்த்துச் சரிசெய்து கிரீஸ் இடுங்கள். முழுக்க மடங்கிய வால் இறகுகளில் இடிக்காதபடி தடுப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் எடை குறைந்த வாலோடு தொடங்கினால் சுழலி சற்று முன்கூட்டியே விலகிக்கொள்ளும், மின்சாரம் கொஞ்சம் குறையும். சில வாரங்கள் கவனித்த பின், சிறு இரும்புத் துண்டுகளை வாலில் போல்ட் போட்டு முடுக்கி, விலகும் வேகத்தைப் படிப்படியாக உயர்த்திக்கொள்ளலாம்.