பிரேக்கில் கரையும் டீசல்

நகரப் பேருந்து நிறுத்தத்தை விட்டுக் கிளம்பும் இரண்டு மூன்று நொடிகளைக் கவனியுங்கள். எஞ்சின் உறுமும், வண்டி ஒருமுறை குலுங்கும், சைலன்சரிலிருந்து குப்பென்று கரும்புகை வரும். பின்னால் நிற்கும் இருசக்கர வாகனக்காரரும், அடுத்த பேருந்துக்குக் காத்திருப்பவர்களும் அதைத்தான் சுவாசிக்கிறார்கள். டீசல் பேருந்துகளை ஏன் மாற்ற வேண்டும், எதற்கு மாற்ற வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் பெரும்பாலும் அந்த நொடிகளிலேயே இருக்கிறது.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினைந்து, பதினெட்டு மடங்கு நெருக்கினால் அது தானே 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிவிடும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சியதும் பற்றிக்கொள்ளும். கிளம்பும்போது ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்த, டீசல் அதிகமாகப் பாய்கிறது. அது காற்றோடு சரியாகக் கலக்க நேரம் போதாது. காற்று கிடைக்காத இடத்தில் எரிபொருள் அரைகுறையாக எரிந்து கரியாகிறது. நன்றாக எரியும் இடத்தில் வேறு தொல்லை. அங்கே வெப்பம் மிக அதிகம் என்பதால் காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்றே வகைப்படுத்தியது.

அடுத்தது, எல்லோரும் மறந்துவிடும் பிரேக். 12 டன் எடையுள்ள பேருந்து மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் 600 கிலோஜூல். இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் அது அத்தனையும் பிரேக்கில் வெப்பமாகிக் காற்றோடு போகிறது. ஐந்நூறு மீட்டர் தள்ளி அடுத்த நிறுத்தம். மறுபடியும் அதே கதை. நகர நெரிசலில் ஒரு டீசல் பேருந்து லிட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர் ஓடினால், ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 4 யூனிட் (மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட், அதாவது கிலோவாட்-மணி) ஆற்றலை எரிக்கிறது என்று கணக்கு.

மாற்று என்றதும் பல நகரங்கள் முதலில் போனது சிஎன்ஜி, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவின் பக்கம். டெல்லியில் உச்ச நீதிமன்றம் 1998இல் போட்ட உத்தரவின்படி, 2002 முடிவதற்குள் நகரப் பேருந்துகள் அதற்கு மாறின. மீத்தேனை 200 பார் அழுத்தத்தில் சிலிண்டரில் அடைத்துக்கொண்டு ஓடும் வண்டிகள் அவை. மீத்தேன் எளிய மூலக்கூறு, கரி கட்டாது. அதனால் கரும்புகை பெருமளவு குறையும். ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிடப் பலமடங்கு வல்லது. டீசலிலேயே புகையைப் பிடிக்கும் வடிகட்டிகளும் உண்டு. அதில் சேரும் கரியை எரித்துச் சுத்தம் செய்ய நல்ல சூடு வேண்டும். நின்று நின்று போகும் நகரப் பேருந்தில் அந்தச் சூடு ஏறுவதே சிரமம்.

மின்சாரப் பேருந்தின் மோட்டாருக்கு இந்த நின்று போகும் ஓட்டம் ஒரு பொருட்டே இல்லை. நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசை தரும். நிற்கும்போது எதையும் எரிக்காது. வேகம் குறைக்கையில் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, அந்த 600 கிலோஜூலில் கணிசமான பங்கைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். கிலோமீட்டருக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை யூனிட் போதுமானதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிரேக் கட்டைகளும் மெதுவாகவே தேயும்.

சரி, அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால்? நேர்மையாகச் சொல்ல வேண்டும். முழுக்க நிலக்கரி மின்சாரம் என்றால் கார்பன் டை ஆக்சைடு கணக்கில் டீசலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. இரண்டுமே கிலோமீட்டருக்கு ஒரு கிலோவைச் சுற்றித்தான் வரும். ஆனால் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் குழந்தையின் மூக்கருகே புகை இருக்காது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் சேரச் சேர, ஓடிக்கொண்டிருக்கும் பழைய மின்சாரப் பேருந்தே ஆண்டுதோறும் சுத்தமாகிக்கொண்டு வரும். டீசல் வண்டிக்கு அப்படி ஒரு வாய்ப்பே கிடையாது.

உண்மையான வேலை டெப்போவில் இருக்கிறது. நூறு பேருந்துகள், வண்டிக்கு 250 யூனிட் என்று வையுங்கள். ஓர் இரவில் 25,000 யூனிட். இரவு பத்து மணிக்கு வந்ததும் எல்லாவற்றையும் 150 கிலோவாட் சார்ஜரில் ஒன்றாகச் சொருகினால் 15 மெகாவாட் இழுக்கும். ஆறேழு மணி நேரத்துக்குப் பரப்பி, காலையில் முதலில் கிளம்பும் வண்டிக்கு முதலில் என்று முறை வைத்தால் 4 மெகாவாட்டில் முடிந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மரின் அளவையும் கேபிளின் தடிமனையும் இந்த அட்டவணைதான் தீர்மானிக்கிறது. வண்டி வாங்குவதற்கு முன்பே இது தயாராக வேண்டும். சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 முடிவதற்குள் 16,000க்கும் மேற்பட்ட பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்றியது. அத்தனை வண்டிகளுக்கும் சார்ஜர்களை நிறுவியது அதில் பாதி வேலை.

ஹைட்ரஜன் பேருந்தும் இருக்கிறது. மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, வாயுவை அழுத்தி, வண்டிக்குள் மறுபடி மின்சாரமாக்கும்போது சக்கரத்துக்குப் போய்ச் சேருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நகரத்துக்குள் ஓட இது வீண்செலவு என்றே நினைக்கிறேன்.

புதிய மின்சாரப் பேருந்துகள் வந்ததும் அகலமான, நெரிசல் இல்லாத சாலைகளில் விட்டுப் பார்க்கத் தோன்றும். அங்கே டீசலும் ஓரளவு ஒழுங்காகவே ஓடும். கடைத்தெருவுக்குள் நுழைந்து, நாளுக்கு நானூறு முறை பிரேக் பிடிக்கும் வழித்தடம் எதுவோ, முதல் வண்டியை அங்கே அனுப்ப வேண்டும்.