சூடாக்கினாலும் போகாத நஞ்சு

"தம்பி, கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கித்தானே பிள்ளையளுக்குக் குடுத்தனான். பிறகெப்பிடி?"

யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்கு மிச்சக் கோழிக்கறியோடு வந்த ஓர் அம்மா கேட்டது இது. சாமத்திய வீடொன்றில் மத்தியானம் மிஞ்சிய கறி. இரவு எட்டு மணிக்குச் சூடாக்கிப் புட்டோடு கொடுத்திருக்கிறார். பத்தரைக்குள் மூன்று பிள்ளைகளும் மாறி மாறிச் சத்தி.

எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்குச் சத்தி தொடங்கியது என்றுதான் நாங்கள் முதலில் கேட்போம். சல்மொனெல்லா போன்ற கிருமி குடலுக்குள் பெருகி நோய் தர ஆறு மணித்தியாலமாவது, பெரும்பாலும் அரை நாளுக்கு மேல் பிடிக்கும். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் சத்தி என்றால், நஞ்சு கறியிலேயே ஊறிக் கிடந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

அந்த அம்மா சூடாக்கிய சட்டியின் மிச்சத்தையும், சூடாக்காமல் வேறாக எடுத்து வைத்த கொஞ்சத்தையும் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் இரத்த அகார் எனப்படும், கிருமி வளர்க்கும் ஊட்டக்கூழ்த் தட்டுகளில் கீறி 37 பாகையில் வைத்தோம். மறுநாள் பார்த்தால், சூடாக்கிய கறியின் தட்டு ஏறக்குறைய வெறுமை. மற்றதில் பொன்மஞ்சள் நிறத்தில் பொட்டுப் பொட்டாக, நெருக்கமாக முளைத்திருந்தது. ஒரு பொட்டை எடுத்துச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது ஊதா நிறத் திராட்சைக் குலைகள். பிறகு செய்த சோதனைகளும் ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் என்றுதான் சொல்லின.

அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் அந்த இரண்டு தட்டுகளிலும் இருந்தது. கொதி கிருமியைக் கொன்றுவிட்டது. கிருமி கறிக்குள் கக்கி வைத்த நஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. 100 பாகையில் அரை மணித்தியாலம் கொதித்தாலும் அது தாங்கும்.

இதைக் கண்டுபிடித்த கதையில் ஆய்வாளர்களின் வயிறுகளும் உண்டு. பிலிப்பைன்ஸில் பார்பர் என்பவர் மடிநோய் கண்ட மாடொன்றின் பாலைக் கறந்த கையோடு குடித்தார், ஒன்றுமில்லை. சில மணித்தியாலம் வெளியில் வைத்துக் குடித்தார்; வருத்தம் வந்தது. அதை 1914இல் எழுதினார். பிறகு 1930இல் சிக்காகோவில் டாக் என்பவரின் குழுவினர், நோய் தந்த கேக்கிலிருந்து இந்தக் கிருமியை வளர்த்து, கிருமியை வடித்து நீக்கிய திரவத்தை மட்டும் தொண்டர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்களுக்கும் சத்தி வந்தது. கிருமி இல்லாமலே நோய் வரும் என்பது அப்போதுதான் உறுதியானது.

இந்தக் கிருமி ஏறக்குறைய மூவரில் ஒருவரின் மூக்கில் சும்மா இருக்கிறது. வெட்டுக்காயத்திலும் கொப்புளத்திலும் நிறையவே இருக்கும். கைவிரலில் காயத்தோடு இறைச்சி பிய்த்துப் போடுபவரை அந்த வேலையிலிருந்து தயங்காமல் மாற்றிவிடுங்கள். எங்கள் வெக்கையில் அரை மணிக்கொரு தடவை இரட்டித்தால், 100 கிருமி ஆறு மணித்தியாலத்தில் நான்கு இலட்சத்தைத் தாண்டும்.

சோற்றில் வருவது வேறொன்று, பசிலஸ் சீரியஸ். அதன் வித்திகள், அதாவது கடும் சூட்டையும் தாங்கும் அதன் உறங்குநிலை வடிவங்கள், சோறு அவியும்போதும் சாவதில்லை. சத்தி தரும் அதன் நஞ்சு 121 பாகையையே தாங்கும். பெரிய கிடாரத்துச் சோற்றை மூடி வைத்தால் நடுப்பகுதி இரவுவரை இளஞ்சூடாகவே இருக்கும். அந்தக் கிருமி பெருக அது போதும்.

அப்ப, எங்கள் அம்மம்மாமாரின் சுண்டக்கறி? அவர்கள் கறியை அடுப்பால் இறக்கிக் கனநேரம் விட்டுவைக்கவில்லை. இரவே ஒரு தரம் கொதிக்கவிட்டு, விடிய மறுபடியும் சுண்ட வைத்தார்கள். கிருமி பெருகி நஞ்சு சேர முன்னரே அடுப்பில் ஏறியது அந்தக் கறி. நாங்கள் ஆறேழு மணித்தியாலம் விட்டுவிட்டு அதே கொதியை நம்புகிறோம்.

மிஞ்சியதை அகலமான தட்டங்களில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். இடமில்லையென்றால் விருந்து முடிந்த கையோடு பகிர்ந்து கொடுத்துவிடுங்கள். பின்னேரம்வரை வெளியில் கிடந்த இறைச்சிக்கறியைக் கொட்டுவதைத் தவிர வழியில்லை. கொட்ட மனம் வராது, தெரியும்.

சத்தி வந்துவிட்டால் ஜீவனி (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்குங்கள். இந்த நஞ்சுக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. பிள்ளை சோர்ந்து சிறுநீர் குறைந்தால், மலத்தில் இரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரி. மிச்சச் சாப்பாட்டைக் கழுவி ஊற்றாமல், சுத்தமான போத்தலில் போட்டுக் குளிரில் வைத்து, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். முக்கியமாக, அதைச் சூடாக்க வேண்டாம்.