கன்வெர்ட்டரில் துருவா? கையை வைப்பதற்கு முன் எங்கே என்று பாருங்கள்

சில மாதங்களுக்கு முன்பு ஒருவர் காரைக் கொண்டுவந்து விட்டார். "அடியில் சத்தம் அதிகமா இருந்தது, நானே அடைச்சிட்டேன். ஆனாலும் செக் என்ஜின் விளக்கு அணையவே இல்லை" என்றார். வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். என்ஜின் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் முன்பக்கத்து வெல்டிங் ஓரம் ஒரு சாண் நீளத்துக்குத் துருவால் அரித்திருந்தது. அதன்மேல் டின் தகட்டை வெட்டிப் போட்டு, பேஸ்ட் பூசி, இரண்டு கிளாம்ப் வைத்து இறுக்கியிருந்தார். கையில் வேலை தெரிந்தவர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் தகட்டின் மேல் விளிம்பில், கீழே படுத்துப் பார்த்தால் கண்ணில் படாத இடத்தில், கரி படிந்திருந்தது. புகை அந்த வழியாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அதற்கு நேர் மேலே, கார் தரையில் ரப்பர் மூடி கழன்றுபோன ஒரு ஓட்டை.

"பின் சீட்டில் வர்றவங்களுக்குத் தலைவலி, குமட்டல் ஏதாவது உண்டா?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பொண்ணு சொல்லிட்டே இருக்கா. வண்டி ஒத்துக்கலைன்னு நினைச்சோம்" என்றார்.

இதை எழுதுவது அதற்காகத்தான். என்ஜினிலிருந்து வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அந்த விஷத்தை மாற்றி வெளியே விடுவதற்குத்தான் கன்வெர்ட்டரே இருக்கிறது. அதற்கு முன்னால் ஓட்டை விழுந்தால், மாற்றப்படாத புகை அப்படியே உங்கள் காலுக்குக் கீழே வந்து நிற்கிறது.

வீட்டில் இந்த வேலையைச் செய்யவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பொறுமையும் சரியான ஸ்டாண்டும் இருந்தால் சில வண்டிகளில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் துரு எங்கே பிடித்திருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

கீழே குனிந்ததும் முதலில் கண்ணில் படும் சிவந்த தகடு, பெரும்பாலும் கன்வெர்ட்டரே இல்லை. அது சூடு சுற்றிலும் பரவாமல் தடுக்கும் வெளித்தகடு. அதன் போல்ட் ஓரம் அரித்துப்போனால், நிற்கிற வண்டியில் என்ஜின் ஓடும்போது தகரம் அதிர்வதுபோல் கடகடவென்று சத்தம் வரும். இதைக் கேட்டு பயந்து கன்வெர்ட்டரையே மாற்றியவர்கள் உண்டு. வண்டி நன்றாக ஆறியபின் தகட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அதே சத்தம் வந்தால், ஒரு நீளமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்ப் போட்டு இறுக்கினால் போதும். தகட்டைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்காமல் காப்பதும் அதுதான்.

தகடு உறுதியாக இருந்தும் சத்தம் வருகிறதென்றால், கன்வெர்ட்டரின் உடம்பை ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். உள்ளே கல் உருள்வதுபோல் கேட்டால் செராமிக் உடைந்துவிட்டது. அதற்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது, குழாய்கள் சேரும் ஃபிளாஞ்ச். இங்கே இணைப்பை அடைத்து வைக்கும் கேஸ்கெட் எரிந்து புகை கசிவது சாதாரணம். புது கேஸ்கெட், புது போல்ட், நட் போட்டால் முடிந்தது. வீட்டில் செய்ய ஏற்ற வேலை இது.

மூன்றாவதுதான் சிக்கல்: கன்வெர்ட்டரின் உடம்பே அரிப்பது. பேஸ்ட்டும் கட்டுத்துணியும் இங்கே ஏன் நிற்பதில்லை என்றால், ஓடும்போது பல நூறு டிகிரி சூடு, நிறுத்தியதும் குளிர்ச்சி. இரும்பு விரிந்து சுருங்கும்போது பேஸ்ட் அதோடு சேர்ந்து விரியாது, வெடித்துவிடும். வெல்டிங் வைக்கலாமே என்பார்கள். துருவால் காகிதம்போல் மெலிந்த தகட்டில் வெல்டிங் பிடிக்காது, ஓட்டைதான் பெரிதாகும். அதைவிட முக்கியமான விஷயம் உள்ளே இருக்கிறது. தேன்கூடுபோல் நுண்ணிய துளைகள் உள்ள செராமிக் கட்டி, அதைச் சுற்றி ஒரு பஞ்சுபோன்ற விரிப்பு, அதற்கு வெளியேதான் தகடு. ஓட்டை வழியே புகை பாயும்போது அந்த விரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். பிடிமானம் போன செராமிக் ஆட ஆரம்பித்து, உடைந்து, சைலன்சர் வரை போய் அடைக்கும். வெளியே அடைத்த ஓட்டை, உள்ளே நடப்பதை மறைக்கத்தான் உதவும்.

அந்தத் தேன்கூட்டின் சுவர்களில்தான் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகிறது, எரியாத பெட்ரோல், நீராவியாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறுகிறது, நைட்ரஜன் ஆக்சைடுகள் வெறும் நைட்ரஜனாகின்றன. 1975-ல் அமெரிக்கக் கார்களில் பரவலாக வந்த இந்தப் பொருள், இன்று பெட்ரோல் கார்களில் இல்லாமல் இருப்பது அரிது. இது வேலை செய்ய ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி சூடு வேண்டும். துருவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. தினமும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்தும் வண்டியில் அந்த ஈரம் ஆவியாகிப் போகாமல் உள்ளேயே தங்கி, உள்ளிருந்து அரிக்கும். கடல் காற்றும், பனி கரைக்கச் சாலையில் போடும் உப்பும் வெளியிலிருந்து அரிக்கும்.

சரி, மாற்றுவதாக முடிவு செய்துவிட்டீர்கள். வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது துருவால் மட்டும்தான் கெட்டதா? ஸ்கேனரில் பி0420, அதாவது கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற பிழைக் குறியீடு வந்ததும் கன்வெர்ட்டரை மாற்றுகிறார்கள். ஆனால் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு அருகில் ஒரு சின்னக் கசிவு இருந்தாலே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு அந்தக் குறியீடு வரலாம். ஆரம்பத்தில் சொன்ன வாடிக்கையாளரின் விளக்கு எரிந்ததும் அதனால்தான். என்ஜின் மிஸ்ஸிங் அடித்தால், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போனால், இன்னும் மோசம். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, செராமிக்கையே உருக்கிவிடும். ஒரே வருடத்தில் இரண்டு புது கன்வெர்ட்டர் போட்ட வண்டியைப் பார்த்திருக்கிறேன். குற்றவாளி, பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கு மின்சாரம் தரும் ஒரு இக்னிஷன் காயில். ஆயில் குறைகிறதா, கூலன்ட் குறைகிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். இரண்டும் உள்பூச்சைக் கெடுக்கும்.

வேலை ஆரம்பிக்கும்போது வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஓட்டி நிறுத்திய வண்டியில் சில மணி நேரமாவது பொறுங்கள். சமதரை, சக்கரத்துக்கு அடைக்கட்டை, நான்கு ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட உள்ளே விடாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம், ஏனென்றால் அண்ணாந்து படுத்து போல்ட்டைத் திருப்பும்போது துருச் செதில் நேராகக் கண்ணில்தான் விழும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

துருப்பிடித்த போல்ட்டோடு சண்டை போடுவதில்தான் பலர் தோற்கிறார்கள். முந்தைய இரவே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஆயிலை ஊற்றிவிடுங்கள். காலையில் மறுபடி ஒருமுறை. அப்புறம் அறுமுக சாக்கெட் மாட்டி, முதலில் இறுக்குகிற பக்கம் லேசாக அசைத்து, பிறகு கழற்றுங்கள். முனகல் சத்தத்தோடு இளகினால் நல்லது. ரப்பர்போல் முறுக்கிக்கொண்டு வந்தால் நிறுத்துங்கள், உடையப் போகிறது. ஆக்சிஜன் சென்சாருக்குப் பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தும், ஒயர் போக வழிவிட்ட சாக்கெட் இருந்தால் சுலபம். திரும்ப மாட்டும்போது மரை இறுகிப்போகாமல் காக்கும் ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட்டை மரையில் மட்டும் தடவுங்கள், நுனியில் படக்கூடாது. கசிவை அடைக்கச் சாதாரண சிலிக்கானும் வேண்டாம், அந்த ஆவியே சென்சாரைக் கொன்றுவிடும்.

புதுசில் அம்புக்குறி இருக்கும். அது புகை போகும் திசை, பின்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். எல்லா போல்ட்டையும் கையால் மாட்டி, குழாய் எங்கும் உரசாமல் தொங்குகிறதா என்று பார்த்து, கடைசியில்தான் இறுக்க வேண்டும்.

சில இடங்களில் வேலையை விட்டுவிடுங்கள். கன்வெர்ட்டர், என்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வாங்கும் மேனிஃபோல்டோடு சேர்ந்து என்ஜினை ஒட்டியிருந்தால், ஸ்டட் (தலையில்லாத போல்ட்) உள்ளேயே முறிந்தால், குழாயை வெட்டி வெல்டிங் வைக்க வேண்டியிருந்தால், அதை பட்டறையில் செய்வதுதான் சரி. பெட்ரோல் லைனும் பிரேக் லைனும் பக்கத்திலேயே ஓடுகின்றன. உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்துவிட்டுக் காலி டப்பாவை மாட்டச் சொல்லி என்னிடம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. பல நாடுகளில் சட்டப்படி குற்றம், அதோடு அந்தப் புகையைச் சுவாசிப்பது பின்னால் வருகிற யாரோ ஒருவர். பழைய கன்வெர்ட்டரை நீங்களே உடைத்துப் பார்க்கவும் வேண்டாம். அந்த விரிப்பின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. உள்ளே விலையுயர்ந்த உலோகம் இருப்பதால் மறுசுழற்சிக்கு வாங்கிக்கொள்வார்கள்.

மாட்டிய பிறகு வெட்டவெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் பத்து நிமிடம் கையிலிருந்து குழாயில் பட்ட ஆயில் எரிந்து லேசாகப் புகையும், அது சரியாகிவிடும். வண்டி சூடேறுவதற்குள் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், நுரை கிளம்பினால் கசிவு. ஒரு வாரம் ஓட்டியபின், ஆறிய வண்டியில் போல்ட்டுகளை இன்னொருமுறை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் சரிபாருங்கள். அந்த வாடிக்கையாளர் கன்வெர்ட்டரைத் தானே மாட்டிக்கொள்கிறேன் என்றார், சரி என்றேன். தரையில் இருந்த அந்த ரப்பர் மூடியை மட்டும் அன்றைக்கே நான் போட்டு அனுப்பினேன். மாட்டி முடிக்கும்வரை வண்டியை எடுக்கமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, இழுவை வண்டியில்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்.