அப்பா பெயரில் வந்த கடிதத்தைப் பிரியுங்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) ஒன்றிலிருந்து ஓர் அம்மா என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். கையில் பழைய பிஸ்கட் டின். மூடியைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தார். பத்தொன்பது கடிதங்கள். எல்லாம் இறந்துபோன கணவரின் பெயருக்கு வந்தவை, ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. "அவரு பேருக்கு வந்தத நான் எப்படி தம்பி பிரிக்கிறது? சாமி படத்துக்குக் கீழயே வச்சிருந்தேன்" என்றார். கணவர் போய் ஒன்றரை வருடம். வீட்டு கேட்டில் லேலோங் (ஏல) நோட்டீஸ் ஒட்டி நாலு நாள். ஏலத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

செபராங் பிறையில் பல வருடங்களாக நான் பார்க்கும் வழக்குகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்குகின்றன. கடனைக் கட்ட முடியாமல் வீட்டை இழப்பவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கட்டவே தேவையில்லாத கடனுக்காக வீட்டை இழக்கும் குடும்பங்களும் உண்டு. எனக்குத் தூக்கம் வராமல் செய்பவை அந்த வழக்குகள்தான்.

அந்த அம்மாவின் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கினோம். முதல் மூன்று, தவணை வரவில்லை என்ற நினைவூட்டல். மூன்று மாதத் தவணை நின்றால் வங்கி அதை வாராக்கடன் பட்டியலில் சேர்க்கும். அடுத்து வழக்கறிஞர் கடிதம். அப்புறம் 16D பாரம். தேசிய நிலச் சட்டத்தின்படி அடமானம் வைத்தவருக்கு வரும் அறிவிப்பு இது. பாக்கியைத் தீர்க்க ஒரு மாதம் கெடு தரும். அதற்கும் பதில் இல்லை என்றால் வங்கி விற்பனை ஆணை கேட்டுப் போகும். கிரான், அதாவது நில உரிமைப் பத்திரம், நில அலுவலகத்தில் பதிவானது என்றால் நில அலுவலகத்திலேயே விசாரணை. மாநிலப் பதிவகத்துக் கிரான் என்றால் உயர்நீதிமன்றம். விசாரணைக்கு அழைத்த கடிதமும் அந்த டின்னில்தான் இருந்தது. யாரும் போகவில்லை.

ஒருவர் இறந்துவிட்டார் என்று வங்கிக்குத் தானாகத் தெரியாது. பதிவிலாகாவில் இறப்பைப் பதிந்தால் வங்கிக்கும் தகவல் போய்விடும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். போகாது. யாராவது இறப்புச் சான்றிதழின் நகலை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வர வேண்டும். அதுவரை இறந்தவர் பெயரிலேயே நடவடிக்கை ஓடும். பிற்பாடு அதை எதிர்த்து வாதாட இடம் உண்டு. ஆனால் காலத்தையும் பணத்தையும் தின்னும் வேலை அது. பெரும்பாலான குடும்பங்களிடம் இரண்டுமே இருப்பதில்லை.

வாசல்வரை போன அந்த அம்மாவிடம் ஒன்று கேட்டேன். வீட்டுக்கடன் எடுத்தபோது இன்சூரன்ஸ் ஏதாவது எடுத்தாரா? தெரியாது என்றார். வீட்டில் வேறு காகிதம் இருக்கிறதா? மாமியாரின் தகரப் பெட்டி இருக்கிறது என்றார். மறுநாள் மகன் அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். துரு பிடித்த பச்சைப் பெட்டி. மேலே பட்டுப்புடவை, அதன் கீழே பிள்ளைகளின் ரிப்போர்ட் கார்டு, அதற்கும் கீழே பிளாஸ்டிக் பையில் கடன் ஒப்பந்தம். அதோடு சேர்த்துப் பின் அடித்த நாலு பக்கம், எம்ஆர்டிஏ பாலிசி.

எம்ஆர்டிஏ என்பது வீட்டுக்கடனோடு எடுக்கும் காப்புறுதி. பெரும்பாலும் பிரீமியத்தை ஒரே தொகையாகக் கடனிலேயே சேர்த்துவிடுவார்கள், அதனால் தனியாகக் கட்டிய நினைவே வீட்டில் யாருக்கும் இருக்காது. கடன் வாங்கியவர் இறந்தாலோ நிரந்தரமாகச் செயலிழந்தாலோ மீதிக் கடனைக் காப்புறுதி நிறுவனம் வங்கிக்குக் கட்டும். சில நேரம் முழுக் கடனுக்கும் போதாது. கடன் முப்பது வருடம், பாலிசி இருபது வருடம் என்றும் இருக்கலாம். கணவன் மனைவி இருவர் பெயரிலும் கடன் இருந்து ஒருவருக்கு மட்டும் பாலிசி எடுத்ததும் உண்டு. எதுவானாலும் யாராவது கேட்டால்தான் கிடைக்கும். அந்த அம்மா பதினெட்டு மாதம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. இறப்புக்கு வந்த நூறு பேரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தாலும் போதும், அந்தக் கடிதங்களில் ஒன்றுகூட வந்திருக்காது.

ஒன்பது நாள் இருந்ததால் அவர் தப்பினார். இறப்புச் சான்றிதழும் பாலிசியும் வங்கியின் வழக்கறிஞருக்குப் போயின, வங்கி ஏலத்தை நிறுத்திக்கொண்டது. ஏல அறிவிப்பு ஒட்டியபிறகு ஒன்றும் செய்ய முடியாது என்பது தவறு. அடமானம் வைத்தவர் வங்கிக்குச் சேரவேண்டிய தொகை முழுவதையும், விற்பனை முடிவதற்கு முன் எந்த நேரத்திலும் கட்டலாம். சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. ஏலம் விடுபவர் சுத்தியலைத் தட்டும்வரை வீடு உங்களுடையது. அதோடு, மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே கடன் ஆலோசனை அமைப்பும் இருக்கிறது. அங்கே போய்ப் பேசக் காசு கிடையாது. ஆனால் தவணை நின்ற முதல் மாதங்களில் போக வேண்டும், நோட்டீஸ் ஒட்டியபிறகு அல்ல.

இன்னொரு குடும்பத்துக்கு ஒன்பது நாள் கிடைக்கவில்லை. அவர்கள் வீடு பத்து காவான் பக்கம். ஒரு காலத்தில் தோட்டப்புறம். 2014இல் இரண்டாவது பினாங்குப் பாலம் திறந்தபிறகு நில விலை ஏறிய இடம். அப்பா இறந்து மூன்று பிள்ளைகளும் கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் பிழைப்புக்குப் போய்விட, அம்மா அவர்களில் ஒரு மகளோடு போய் இருந்தார். வீடு பூட்டியே கிடந்தது. முதல் ஏலம் 180,000 வெள்ளிக்கு (ரிங்கிட்). ஆள் வரவில்லை. இரண்டாவது முறை பத்து விழுக்காடு குறைத்து 162,000. அப்போதும் இல்லை. மூன்றாவது முறை 145,800. 147,000க்குப் போனது. கடன் பாக்கி 96,000தான். விலையை ஒவ்வொரு முறையும் குறைத்துக்கொண்டே போவார்கள் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. முதல் ஏலத்துக்கு முன் அவர்களே ஆள் பார்த்து விற்றிருந்தால் கையில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வீட்டை வாங்கியவரும் நம் ஆள்தான். நல்ல மனிதர். உள்ளே இருந்த சாமான்கள் ஏலத்தில் சேராதவை என்று தெரிந்து, மகனுக்குப் போன் போட்டார். நான் போன அன்று முன்னறையில் பித்தளை அண்டா இரண்டு, ஆட்டுக்கல், மரப்பால் வாளி ஒன்று, சுவரோடு சாய்த்த இரும்புக் கட்டில். சாமி அறையில் குத்துவிளக்கு அப்படியே நின்றது, கடைசியாக ஏற்றிய திரி கருகி எண்ணெய் பிசுபிசுத்துப் போயிருந்தது. அம்மா வேறு எதையும் தொடவில்லை. அந்த விளக்கை மட்டும் முந்தானையால் துடைத்து எடுத்துக்கொண்டார். மற்றதைப் பழைய சாமான்காரருக்கு எடைக்குப் போட மகன் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்.

அலமாரியைத் திறக்காமல் போடாதீர்கள் என்று சொன்னேன். இழுப்பறையில் அடகுச் சீட்டு இருந்தது. அப்பா வைத்தது, சங்கிலியும் காப்பும். நம் நாட்டு அடகுக்கடைச் சட்டப்படி வட்டி மாதம் அதிகபட்சம் 2 விழுக்காடு, மீட்க ஆறு மாதம். அதற்குள் மீட்காவிட்டால், 200 வெள்ளிக்கு மேல் கடன் வாங்கிய நகை ஏலத்துக்குப் போகும். அந்தச் சீட்டின் ஆறு மாதம் எப்போதோ முடிந்திருந்தது. ஏலத்தில் கடனுக்கும் வட்டிக்கும் மேல் மிச்சம் வந்தால் அது அடகு வைத்தவருக்குச் சேர வேண்டியது, ஆனால் உரிய காலத்துக்குள் போய்க் கேட்க வேண்டும். இந்த வீட்டில் கேட்க ஆளில்லை, சீட்டு இருந்ததே தெரியாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு சாமானைப் பிரிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. யாருக்கு அண்டா, யாருக்கு தோடு என்ற பேச்சு எழுவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, என்ன காகிதம் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று எழுதிவிட்டால் போதும். எழுதும்போது மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், பிற்பாடு சந்தேகம் வராது.

வீட்டு ஏலத்திலும் அதே கதைதான். 147,000இல் நில வரி பாக்கி, ஏலச் செலவு, வங்கிக் கடன் எல்லாம் போக ஏறக்குறைய நாற்பதாயிரத்துக்கு மேல் மிஞ்சியது. அது அந்தக் குடும்பத்தின் பணம். ஆனால் அப்பா பெயரில் இருக்கும் பணத்தை யாரிடம் கொடுப்பது? சொத்தை நிர்வகிக்கச் சட்டப்படி நியமிக்கப்பட்டவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்படி ஒருவரும் இல்லை. இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் பணம் கடைசியில் கணக்காயர் தலைமை அலுவலகத்தின் கோரப்படாத பணப் பதிவுக்குப் போய்ச் சேரும். இகுமிஸ் என்ற அதன் இணையத் தளத்தில் ஐசி (அடையாள அட்டை) எண் போட்டுத் தேடலாம். பெற்றோர் காலமான எல்லாரும் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள். எதிர்பாராத இடத்தில் பணம் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எஸ்டேட் என்று சொன்னால் நம் ஆட்களுக்குத் தோட்டம்தான் ஞாபகம் வரும். சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு இறந்தவர் விட்டுப்போன அத்தனையும் என்று பொருள். உயில் இல்லாமல் நிலமோ வீடோ விட்டுப் போனால், சிறு சொத்துப் பகிர்வுச் சட்டப்படி நில அலுவலகத்திலேயே மனு போடலாம். செபராங் பிறை தெற்கு மாவட்டத்தினர் சுங்கை ஜாவிக்குப் போனால் போதும். வரம்பு 2 மில்லியன் வெள்ளியாக இருந்தது, 2024இல் 5 மில்லியன் ஆனது. தோட்டத்திலிருந்து வெளியேறித் தாமான் வீடு வாங்கிய எந்தக் குடும்பமும் இதற்குள் அடங்கும். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. வழக்கறிஞராக இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன்: எளிய வழக்கு என்றால் நீங்களே போடலாம்.

பங்கு எப்படிப் போகும்? அப்பா போனால் வீடு அம்மாவுக்கு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி, இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லை என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பெற்றோர் இருந்தால் அவர்களுக்கு நாலில் ஒன்று, மனைவிக்கு நாலில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி. பிள்ளைகள் விட்டுக்கொடுத்து அம்மா பெயருக்கே மாற்றலாம், பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒருவர் மறுத்தால் இழுபறிதான். கடைசியில் விற்றுப் பங்கு போடும் நிலையும் வரும்.

இதைவிட வேதனையான சிக்கல் ஒன்று இருக்கிறது. கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டி விருந்து வைத்து, முப்பது வருடம் வாழ்ந்த பெண்ணைச் சட்டம் மனைவி என்று ஏற்காத நிலை. 1982 மார்ச் முதல் தேதிக்குப் பிறகு நடந்த திருமணம் பதியப்பட்டிருக்க வேண்டும். பதியாவிட்டால் பகிர்வில் மனைவிக்கான பங்கைக் கேட்பது மிகவும் சிரமம். நில அலுவலக வராண்டாவில் இதைக் கேட்டு உறைந்துபோய் உட்கார்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கணவன் மனைவி இருவரும் உயிரோடு இருக்கும்போது பதிந்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. உங்கள் அம்மா அப்பா பதிந்தார்களா என்று இந்த வாரமே கேளுங்கள்.

பெயர் எழுத்தும் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், ஐசியில் வேறு விதம், கிரானில் இன்னொரு விதம். தோட்டத்து கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதியது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எடுத்துச் சேர்க்கலாம், பயப்பட வேண்டாம். ஆனால் அதற்கு அந்தப் பழைய காகிதம் கையில் இருக்க வேண்டும். அதனால்தான் பழைய சாமான் லாரி வந்தால் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஜாமீன் கையெழுத்துப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஏலத்தில் வந்த தொகை கடனுக்குப் போதவில்லை என்றால், அப்பாவின் கடனைப் பிள்ளைகள் சொந்தக் காசில் கட்ட வேண்டியதில்லை. அவர் விட்டுப்போன சொத்துவரைக்கும்தான். ஆனால் மகனோ மருமகனோ ஜாமீன் போட்டிருந்தால் மீதித் தொகைக்கு அவர்மேல் வழக்கு வரும். போடும் முன் யோசியுங்கள்.

லேலோங் வீடு மலிவு என்று வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏலத்துக்குக் குறித்த விலையில் பத்து விழுக்காட்டை பேங்க் டிராஃப்டாகக் கொண்டு போக வேண்டும். நிலச் சட்டப்படியான ஏலத்தில் மீதியைக் கட்ட 120 நாள். கட்டத் தவறினால் முன்பணம் போய்விடும். கிரானைத் தேடிப் பார்த்து, மலிவு வீட்டுக்குரிய மாற்றக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே ஆள் இருந்தால் வெளியேற்றும் பொறுப்பு உங்களுடையது. பூட்டை உடைக்காதீர்கள். அந்தப் பத்து காவான் ஆளைப்போல முதலில் ஒரு போன் போடுங்கள்.

வருமானம் குறைவாக உள்ளவர்களுக்குச் சட்ட உதவி இலாகா இருக்கிறது. சொத்து மனுவுக்கு அங்கே போகலாம். என்னிடம் வந்தாலும் சரி, வேறு யாரிடம் போனாலும் சரி, இறப்புச் சான்றிதழ், ஐசி, கிரான் நகல், திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா பெயருக்கு வந்த கடிதங்களையும் சேர்த்து. தனியாகப் பிரிக்க மனம் வரவில்லை என்றால் டின்னோடு அப்படியே கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே பிரிப்போம்.